அளவு கொடுத்த மகள்

மத்தியானச் சாப்பாட்டை முடித்து, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சோபாவில் வந்து சாய்ந்ததும் குழந்தைவேலு திரும்பிப் பார்க்காமலே கேட்பார்.

"என்ன அம்மணி, வந்துட்டியா?"

பதில் வராது. வராது என்று அவருக்கும் தெரியும். மனுஷர் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராகக் காலம் தள்ளி ஓய்வு பெற்றவர், பைத்தியக்காரர் இல்லை. ஆனாலும் சோபாவுக்குப் பின்னால், ஜன்னலோரத்துப் பிரம்பு நாற்காலியில், மகள் தாரணி காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருடைய காது சத்தியம் செய்யும். தாரணி இருப்பதோ புருஷனோடு புனேயில். அவர் இருப்பது ஈரோட்டில், இரண்டாவது மாடியில், மனைவி போன பிறகு ஒற்றை ஆளாக.

சத்தத்தின் மேல் அவருக்கு எப்போதுமே ஒரு கிறுக்கு. சர்வீஸில் இருந்தபோதே ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபருமாக ஹோம் தியேட்டர் வாங்கி ஹாலில் மாட்டியவர். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் ஒரு இடி மழைக் காட்சி போட்டுக் காட்டுவார். ஒருமுறை மனைவி லோகநாயகி பின்பக்க ஸ்பீக்கரில் பெய்த மழையை நம்பி, காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடிப்போய், பளீரென்ற வெயிலில் முழித்துக்கொண்டு நின்றாள். இறங்கி வந்து, "உங்க பொட்டியில மழை பேஞ்சா வாளியில தண்ணி ரொம்புமா?" என்று கேட்டாள் பாருங்கள், வந்திருந்த சம்பந்தி வீட்டார் முன்னால் அவர் மானம் கப்பலேறியது.

அந்த லோகநாயகி ஒரு ஆடி மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் கலைந்த பிறகு வீட்டில் அப்பனும் மகளும் மட்டும். தாரணிக்கு லீவு முடிந்துகொண்டிருந்தது. அப்பா தனியாக என்ன செய்வார் என்று நினைத்து நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கூடவே வந்துவிடுங்கள் என்றால் கிழவர் அசைகிற ஆள் இல்லை. கடைசியில் 'அண்மை' கம்பெனிக்குப் போன் போட்டாள்.

அண்மையை அப்போது ஊரில் கொஞ்சம் பேர்தான் வைத்திருந்தார்கள். மாட்ட வந்தவள் ரோஸ்லின் என்று ஒரு பெண். முப்பது வயசிருக்கும், முதுகில் பை, வாய் நிறையப் பேச்சு. குழந்தைவேலுவின் பழைய ஸ்பீக்கர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டாள்.

"பாதி வேலை மிச்சமுங் சார். ஸ்பீக்கரெல்லாம் தங்கமாட்ட இருக்குது. நம்ம பொட்டியை மட்டும் நடுவுல கோத்துப்போட்டாப் போதும்."

"என்ன பண்ணும் உங்க பொட்டி? தாரணி குரல்ல பேசுமா? அந்தக் கூத்தெல்லாம் எனக்கு வேண்டாம் பாத்துக்க."

"அய்யோ, பேசவே பேசாதுங். சத்தமே போடாது." ரோஸ்லின் ஏணியில் ஏறிக்கொண்டே சொன்னாள். "சினிமாக் கொட்டாயில மொதல்ல திரைக்குப் பின்னாடி மட்டுந்தான் ஸ்பீக்கர். அப்புறம் யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சிருக்கான், படத்துல வர்ற ஆள் நடந்து திரைக்கு வெளிய போனா சத்தமும் கூடவே போகோணுமில்ல? அப்படித்தான் சுவத்துல, முதுகுப்பக்கமெல்லாம் ஸ்பீக்கர் வந்துச்சு. எழுபதுகள்ல வீட்டுக்கும் நாலு மூலைக்கு நாலுன்னு வித்துப் பாத்தாங்ளாம். ஒரு கம்பெனி ரெக்கார்டு இன்னொரு கம்பெனி பொட்டியில ஒழுங்காப் பாடாது. ஊத்திக்கிச்சு. வீடியோ கேசட்டு வந்த பொறவுதான் கொட்டாய்ச் சத்தம் வீட்டுக்குள்ள நொழைஞ்சுது."

"அது எனக்கும் தெரியும். அப்புறம்?"

"இத்தனை நாளும் எல்லாரும் ஒரே சோலிதானுங் பண்ணாங்க. இல்லாத சத்தத்தை இருக்குதுன்னு காட்டறது. நாங்க திருப்பிப் போட்டுட்டோம். இருக்கற சத்தத்தைக் கழிக்கிறோம்." அவள் ஏணியிலிருந்து இறங்கினாள். "ஒரு ரூம்புல ஆள் உக்காந்தா, அவங்க ஒடம்பு, துணிமணி, தலைமுடி எல்லாம் கொஞ்சம் சத்தத்தை முழுங்கும். ஃபேன் சத்தம், ரோட்டுச் சத்தம், நீங்க செருமற சத்தம், எல்லாம் சுவத்துல பட்டுத் திரும்பி வர்றப்ப அந்த எடத்துல மட்டும் கொறையும். காலி ரூம்பு வேற மாதிரி இருக்குதுன்னு நமக்குத் தோணுதே, அது இதனாலதான். நமக்குத் தெரியாட்டியும் காதுக்குத் தெரியும். உங்க பொண்ணு உக்காந்தா எவ்வளவு கொறையுமோ அதை மட்டும் நம்ம பொட்டி கழிச்சுப்போடும். அவ்வளவுதான்."

குழந்தைவேலு தாடையைச் சொறிந்தார். எஞ்சினியர் மூளைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் வேறொன்று நெஞ்சில் முட்டியது. மகள் சமையலறையில் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வீட்டுக்காரம்மாவை அளக்க முடியாதாம்மா? போட்டோ, வீடியோ எல்லாம் இருக்குது."

"முடியாதுங் சார்," என்றாள் ரோஸ்லின், அவர் முகத்தைப் பார்க்காமல். "உசுரோட உக்காந்து அளவு குடுக்கோணும்."

தாரணி வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே அது அவளுடைய நாற்காலி. ஸ்பீக்கர்களிலிருந்து ஒரு சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பிக் கீச்சென்று உச்சிக்குப் போனது, மறுபடி கிளம்பியது. தாரணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. "அழுவாதீங்க்கா," என்றாள் ரோஸ்லின், "மூச்சு ஏறி எறங்குனா அளவு தப்பிப்போகும்." தாரணி பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து தையற்காரரிடம் கொடுப்பது போல அளவு கொடுத்தாள்.

போகும்போது ரோஸ்லின் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னாள். "முன்னால இருக்கறதைக் கண்ணு சோதிச்சுப்போடும் சார். முதுகுக்குப் பின்னால காது சொல்றதுதான் சட்டம். அதனால திரும்பிப் பாக்காதீங்க. பாத்தீங்கன்னா அன்னைக்குப் பூரா ஒட்டாது."

முதல் இரண்டு மூன்று வாரம் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தொலைத்தார். காலி நாற்காலி கண்ணில் பட்டதும் வீடு பழையபடி ஓவென்று ஆகிவிடும். பிறகு பழகிக்கொண்டார். சோபாவுக்குப் போகும்போதே ஜன்னல் பக்கம் கண்ணைக் கொண்டுபோகாமல் சுவரைப் பார்த்தபடி நடக்கப் பழகினார். மாமனார் வீட்டில் மாட்டிக்கொண்ட மருமகன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு தன் வீட்டுக்குள்ளேயே நடக்கிறோமே என்று ஒருநாள் அவருக்கே சிரிப்பு வந்தது.

அதற்குள் அண்மை ஊரெல்லாம் பரவிவிட்டது. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்த கையோடு அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள். "பையன் அளவு குடுத்துட்டானுங்களா?" என்று கோயிலில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு வருகிற பிள்ளைகள் குறைந்தார்கள், அதுதான் அளவு கொடுத்தாயிற்றே. கீழ்வீட்டு சுலோச்சனா டீச்சரின் மகன் ஒருமுறை நிஜமாகவே லீவில் வந்தான். டீச்சர் பெட்டியை அணைக்க மறந்துவிட்டாள், வந்தவன் கிளம்பிப்போனது கூட அவளுக்குப் பெரிதாக உறைக்கவில்லையாம். பெருந்துறைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் செலவு பார்த்து யாரோ ஒரு பேரனை மட்டும் அளந்து, எல்லா அறைக்கும் அவனையே உட்காரவைத்தார்கள். கேட்டால் வயிறு எரிகிறதல்லவா? அங்கே இருந்தவர்கள் ஒருவர் கூடக் குறை சொல்லவில்லை.

குழந்தைவேலுவும் சொல்லவில்லை. மத்தியானங்களில் நாற்காலியிடம் பேச ஆரம்பித்தார். மனுஷர் சுபாவத்தில் உம்மணாமூஞ்சி. பெண்டாட்டியிடமும் பிள்ளையிடமும் அளந்து அளந்து பேசியே பழகியவர். நாற்காலியிடம் மட்டும் மடை திறந்துவிட்டது. முட்டிவலி, காஸ் சிலிண்டர்க்காரன் செய்த அட்டூழியம், லோகநாயகி கனவில் வந்து வெங்காயம் கேட்டது, எல்லாம் பேசினார். பேசிவிட்டு ஒரு தூக்கம் போட்டார். லோகநாயகி போன பிறகு பட்டப்பகலில் அவருக்குத் தூக்கம் வந்ததே நாற்காலியில் ஆள் வந்த பிறகுதான்.

இதில் ஒரு தொந்தரவு, நிஜத் தாரணி. ஞாயிறு தவறாமல் போன் செய்வாள். மாத்திரை போட்டீங்ளா, ஊறுகாயைத் தொடாதீங்க, ஏன் நேத்து எடுக்கலை, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குது. நாலு வார்த்தைக்கு மேல் போனால் சண்டை. போனை வைத்ததும் அவர் சோபாவுக்கு வந்து, "பாத்தியா அம்மணி அவ பேசற பேச்சை?" என்று பின்னால் இருந்தவளிடம் முறையிடுவார். மகளைப் பற்றி மகளிடமே கோள் சொல்கிறோம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. பாவம், தனிமை மனுஷனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது!

சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணி சண்டை போடவில்லை. குரல் கம்மியிருந்தது.

"அப்பா, நானும் அவரும் பிரியறதுன்னு முடிவாயிருச்சுங்ப்பா. ரொம்ப நாளாவே சரியில்லை. உங்ககிட்டச் சொல்லலை."

"ம்," என்றார்.

"வேலை எங்கிருந்து வேணும்னாலும் பாத்துக்கலாம். நான் அங்க வந்துரட்டுங்களா? நாலு நாளைக்கு இல்லை. இனிமேலே அங்கதான்."

"வா கண்ணு" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தான் பெற்றவர்கள் இருக்கிறார்கள். மனுஷர் அதைச் சொல்லாமல், "யோசிச்சுச் சொல்றேன் அம்மணி," என்றார். ஆபீசில் மனு கொடுத்தவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய் அது.

"சரிங்ப்பா. யோசிங்க," என்றாள் தாரணி.

அந்த வாரத்தின் நடுவில் ஒரு நாள். காலையில் கரண்ட் தறிகெட்டு ஆடியது. பல்பு பளீரென்று எரிந்து மங்கி, மறுபடி எரிந்து அணைந்தது. குழந்தைவேலு தன் பழைய செக்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டு, தனக்குக் கீழே வேலை பார்த்தவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். பத்து மணிக்குள் சரியாகிவிட்டது. ரசம் வைத்துச் சாப்பிட்டார். சோபாவில் சாய்ந்தவர் அன்றைக்கு வந்துட்டியா என்று கேட்பதற்கு முன்பே அசந்துவிட்டார்.

விழித்தபோது ஹாலில் மத்தியான வெயில் பாதி தூரம் வந்திருந்தது. பின்னால் ஆள் இருந்தது. அன்றைக்கு அது இருந்த இருப்பு வேறு மாதிரி. அவ்வளவு நெருக்கம், அவ்வளவு நிச்சயம். பிரம்பு லேசாக முனகியது கூடக் கேட்டது. கம்பெனிக்காரன் புதுசாக ஏதோ சேர்த்திருக்கிறோம், துணி சரசரப்பதும் நாற்காலி அசைவதும் கேட்கும் என்று விளம்பரம் அனுப்பியது ஞாபகம் வந்தது. இலவசமாகப் போட்டுவிட்டானா? இந்தக் காலத்தில் யார் எதை இலவசமாகத் தருகிறான்! சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

"என்ன அம்மணி, வந்துட்டியா?"

பிரம்பு மறுபடி முனகியது. அவர் சுவரைப் பார்த்தபடி கால் நீட்டிக்கொண்டார்.

"உன்கிட்டத்தான் சொல்லோணும்னு இருந்தேன். அவ போன் பண்ணினா. குடும்பம் ஒடைஞ்சு போச்சாம். இங்க வந்துடறேங்கறா. நான் என்னத்தைச் சொல்றது?" முட்டியைத் தடவிக்கொண்டார். "வேண்டாம் அம்மணி. அவ வர வேண்டாம். வந்தா தெனமும் ஒரு ரகளை. அதைக்கூடத் தாங்கிக்குவேன். அவ மூஞ்சியைப் பாக்கோணுமே, அதுக்குத்தான் எனக்குத் தைரியமில்லை. அவ அழுதா நான் என்ன பண்ணுவேன்? உங்கம்மா இருந்தா மடியில போட்டுக்குவா. எனக்கு அதெல்லாம் தெரியாது. நீ அழ மாட்டே. கேள்வி கேக்க மாட்டே. எனக்கு நீ போதும். அவ அங்கயே இருந்துக்கட்டும்."

சொல்லி முடித்ததும் நெஞ்சுபாரம் இறங்கியது. அப்படியே கண்ணை மூடினார். மறுபடி எழுந்தபோது பின்னால் யாருமில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்காமலே தெரிந்தது. ஹால் காலியாகிக் கிடந்தது.

சாயங்காலம் தாரணியிடமிருந்து செய்தி வந்திருந்தது. 'அப்பா, நான் புனேவிலேயே இருந்துக்கறேன். ஒண்ணும் யோசிக்காதீங்க. மாத்திரை போடுங்க.' படித்ததும் அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் பொறுத்து ஏனோ அழுகை வந்தது. பேசலாம் என்று சோபாவுக்குப் போனால் நாற்காலியில் இன்னும் ஆளைக் காணோம். ராத்திரி சோறு பிடிக்கவில்லை. விடிந்ததும் கம்பெனிக்குப் போன் செய்து, "என்ற பொண்ணைக் காணோம்," என்று புகார் கொடுத்தார். அவர்களுக்கு அது வழக்கமான புகார்.

ரோஸ்லின் வந்து பெட்டியைத் திறந்தாள். திறந்ததும் கருகின வாடை ஹாலெல்லாம் பரவியது.

"போர்டு வெந்துபோச்சுங் சார். கரண்ட் எகிறியிருக்குது."

"இருக்கும், இருக்கும். நேத்து மத்தியானத்துக்கு மேலதான் போயிருக்கோணும். மத்தியானம் பிரமாதமா வேலை செஞ்சுது. நாற்காலி முனகறதுகூடக் கேட்டுச்சே. அந்தப் புதுசை எனக்கும் போட்டுட்டீங்களா?"

ரோஸ்லின் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் புதுப் பொட்டியிலதானுங் வரும். உங்களுது பழசு. முனகாது." அவள் வெந்த போர்டைத் தூக்கிக் காட்டினாள். "நேத்துக் கரண்ட் எப்ப ஆடுச்சுங்?"

"காலையில. ஒரு தடவைதான். அப்புறம் ஆடவேயில்லை, நான்தான் சத்தம் போட்டு..."

அங்கேயே நின்றது அவர் பேச்சு. மின்சாரத்தோடு வாழ்ந்த மனுஷருக்கு மேற்கொண்டு யாரும் விளக்க வேண்டியதில்லை. காலையில் கருகின பெட்டி மத்தியானம் எந்த ஆளையும் உட்காரவைக்க முடியாது. தாரணியிடம் இந்த வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் உண்டு. என்னென்ன சொன்னோம் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அடப்பாவி, அடப்பாவி என்று தன்னையே வைதுகொண்டு படுக்கையறைக்குள் போய் மகளுக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்ப்பா."

"அம்மணி, நேத்து நீ வந்தியா?"

"எங்கீங்ப்பா?"

"இங்க. நம்ம வீட்டுக்கு."

"இல்லீங்ப்பா. நான் எங்க வந்தேன்? இங்கதான் இருக்கேன்." அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "மெஷினா இருக்கும். நல்லாத்தான வேலை செய்யுது?"

"மெஷின் நேத்துக் காலையிலயே கருகிப்போச்சு கண்ணு."

போனைக் காதில் அழுத்திக்கொண்டார். அவள் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, அழுகிறாளா, ஒன்றுமே தெரியவில்லை.

"நீங்க தூங்கிட்டு இருந்தீங்க," என்றாள் கடைசியில். "எழுப்ப வேண்டாம்னு உக்காந்துட்டேன். முழிச்சதும் திரும்பிக்கூடப் பாக்காம 'வந்துட்டியா அம்மணி'ன்னு கேட்டீங்க. நான் வருவேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குதுன்னு நினைச்சேன். பேச வாயெடுக்கறதுக்குள்ள 'அவ'ன்னு ஆரம்பிச்சுட்டீங்க."

"அது உன்னைச் சொல்லலை கண்ணு."

"பின்ன யாரைங்ப்பா?"

குழந்தைவேலுவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. "நீ வந்துரு சாமி. இன்னைக்கே கெளம்பு. வந்து சண்டை போடு, அழு, என்னமும் பண்ணு. நேத்து ஏதோ கெட்ட புத்தி, வாயில வந்ததை ஒளறிட்டேன். நீ வா."

"எங்கிட்டப் பேசறப்ப எப்பவும் யோசிச்சு யோசிச்சுத்தான் பேசுவீங்க," என்றாள் தாரணி. கோபமில்லை அந்தக் குரலில், களைப்புத்தான் இருந்தது. "எனக்குத் தெரிஞ்சு நேத்துத்தான் யோசிக்காமப் பேசுனீங்க. அன்னைக்கு 'யோசிச்சுச் சொல்றேன்'னீங்க, நேத்து அப்படிச் சொன்னீங்க, இன்னைக்கு 'வா'ங்கறீங்க. எதைங்ப்பா நான் நம்பறது?"

அவர் வாயைத் திறந்தார். நீ வந்தால் நான் திரும்பி உட்கார்ந்து உன் முகத்தைப் பார்ப்பேன் என்று சொல்ல வேண்டும். வார்த்தை நெஞ்சுவரை வந்துவிட்டது, இன்னும் ஒரு மூச்சு இருந்தால் வெளியே வந்திருக்கும்.

ஹாலிலிருந்து ரோஸ்லின் சந்தோஷமாகக் குரல் கொடுத்தாள்.

"சார்! புது போர்டு மாட்டியாச்சுங்! வந்து சோபாவுல உக்காந்து பாருங்க, உங்க பொண்ணு வந்துட்டாங்க!"

குழந்தைவேலு அவசரமாகப் போனைக் கையால் பொத்தினார்.

"கேட்டுச்சுங்ப்பா," என்றாள் தாரணி. "போய்ப் பேசிட்டிருங்க. நான் வெக்கறேன்."